முகக்கவசம் மாட்டுவதற்கு முன்

தமிழ்நாட்டின் பல் மருத்துவர்களுக்கும், பல் மருத்துவக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும்,



காதுகேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குப் பல்வலி வந்தால், பெற்றோர் ஊரிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. நாங்கள்தான் கூட்டிக்கொண்டு வருவோம். அப்படி உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவற்றையும், பெற்றோர் வந்து சொல்லி வருத்தப்பட்டவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். வேண்டுகோள் ஒன்றுதான்: பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் பிள்ளையோடு பேசி முடித்துவிடுங்கள். கூட வந்த என்னோடோ அம்மாவோடோ பேசுவது போதாது. நாற்காலியில் உட்காரப்போவது யாரோ, அவரோடு பேசுங்கள்.

காது கேட்காததால் பல் சொத்தையாவதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள அதே எனாமல், அதே உமிழ்நீர், அதே சர்க்கரைதான் இவர்களில் பெரும்பாலானவர்களுக்கும். ஆனால் பல்லைக் காப்பாற்றுகிற பேச்சு இவர்களை வந்து எட்டுவதில்லை. காது கேட்கும் குழந்தை ஐந்து வயதுக்குள் பல்லைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மிட்டாய் தின்றுவிட்டு வாய் கொப்புளிக்காததற்கு அக்கா வாங்கிய திட்டு, பல்செட் கட்டியதைப் பற்றிப் பாட்டி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது, தொலைக்காட்சியில் ஓடும் பற்பசை விளம்பரம், ராத்திரி முழுக்க மாமா பல்வலியில் தூங்காத கதை. இவற்றில் எதையும் யாரும் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. போகிறபோக்கில் காதில் விழுந்தவை. காதுகேளாத குழந்தைக்கு எதுவும் போகிறபோக்கில் காதில் விழுவதில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து, அதற்கென்று நேரம் ஒதுக்கிச் சொன்னால்தான் தெரியும். காதுகேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோரில் பலருக்குச் சைகை மொழி தெரியாது. “சாப்பிடு”, “வா”, “தூங்கு”, “கூடாது” என்கிற அளவில் வீட்டுக்குள் நாலைந்து சைகைகள் இருக்கும். ஏன் கூடாது என்று சொல்ல அந்த வீட்டில் மொழி இருக்காது.

பல் துலக்கும் நேரத்தைப் பாருங்கள். பெற்றோர் யாரும் கவனித்திராத ஒன்று அங்கே நடக்கிறது. காலையில் பிள்ளை எழுந்ததும், ராத்திரி படுப்பதற்கு முன்னும் பல் துலக்க வேண்டும் என்கிறோம். அந்த இரண்டு வேளையிலும் காது மெஷின் காதில் இருக்காது. தூங்கும்போது கழற்றிவைத்ததைக் குளித்து முடித்த பிறகுதான் மாட்டுவார்கள். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்ற பயம் வேறு. அதாவது, நாள் முழுக்க மெஷினோடு ஓரளவு கேட்கிற குழந்தைகூடப் பல் துலக்கும் நேரத்தில் முழு நிசப்தத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தையென்றால் அம்மா பின்னால் நின்று துலக்கிவிடுவார். அவர் முகம் தெரியாது. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கை குழந்தையின் தாடையில். சைகை காட்டவும் கை இல்லை. வாய்க்குள் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் போய்வருகிறது, எரிகிறது, எப்போது முடியும் என்று தெரியாது. குழந்தை வாயை மூடிக்கொள்வதில் என்ன வியப்பு? ரெண்டு நாள் போராடிவிட்டு அம்மாவும் விட்டுவிடுவார்.

இதற்கு மருந்து ஒரு கண்ணாடிதான். வாஷ்பேசினுக்கு மேலே, குழந்தையின் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அம்மா பின்னால் நின்றாலும் இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். மேல் வரிசை முடிந்தது, இனிக் கீழ் வரிசை என்று விரலால் காட்டலாம். எப்போது முடியும் என்று தெரிவதற்கு ஒரு மணற்கடிகாரமோ, கைப்பேசியில் சுற்றுகிற வட்டமோ போதும். எங்கள் விடுதியில் தண்ணீர்க் குழாய் வரிசைக்கு மேலே நீளமாகக் கண்ணாடி பதித்த பிறகு, பெரிய பிள்ளைகளே சின்னவர்களுக்குத் துலக்கிக் காட்டுகிறார்கள். உங்களிடம் வருகிற பெற்றோருக்கு நீங்கள் பற்பசையின் அளவைச் சொல்கிறீர்கள்: மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதன்பின் பட்டாணி அளவு என்று. அதோடு இந்தக் கண்ணாடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னால் வீட்டில் உடனே மாட்டுவார்கள். டீச்சர் சொன்னால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள்.

இனிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அழுகிற குழந்தைக்கு ஏன் கடைக்குப் போக முடியாது, அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று விளக்கச் சொல் இல்லாத வீட்டில், கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அழுகையை நிறுத்துவார்கள். காது கேட்காத பிள்ளை என்ற பரிதாபத்தில் உறவினர் எல்லோரும் சாக்லேட்டோடுதான் வருவார்கள். அடிக்கடி காதில் சீழ் வரும் குழந்தைக்கு இனிப்புச் சிரப் தொடர்ந்து போகும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சில இடங்களில் ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னால் ஒரு மிட்டாய் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒட்டுப்படங்களும் முத்திரைகளும் கொடுத்தால் பிள்ளை அதே ஆசையோடு பேசும்.

வலிக்கு வருகிறேன். நான்கு வயதுக் குழந்தைக்குக் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து நரம்பு வரை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் குழந்தை “வலிக்குது” என்று சொல்லும்; எங்கே என்று கேட்டால் காட்டும். மொழியே இன்னும் கைவராத காதுகேளாத குழந்தை என்ன செய்யும்? தட்டைத் தள்ளிவிடும். ஒரு பக்கமாகவே மெல்லும். ஐஸ் தண்ணீரைத் துப்பும். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் அடித்துக்கொள்ளும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவைக்கும். வீட்டில் அதற்கு “அடம்” என்று பெயர் வைத்துவிடுவார்கள். “காது கேக்காததுல கோவம் ஜாஸ்தி” என்பார்கள். மெஷினை மாட்ட விடாமல் பிடுங்கி எறிகிற பிள்ளையைக் காதுவலி என்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதுப் பக்கம் ஏறித் தெரியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதுகேளாத குழந்தையிடம் திடீரென்று குணம் மாறினால் முதலில் வாயைப் பாருங்கள் என்று அந்த மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரிசையாக வரைந்த படத்தாள் ஒன்று உங்கள் மேசையில் இருந்தால், மொழி குறைந்த பிள்ளையும் விரல் வைத்துக் காட்டிவிடும்.

இனி உங்கள் அறைக்குள் வருவோம். அங்கே நடப்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெளியே காத்திருக்கும்போதே தொடங்குகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளைக்குக் கேட்காது, பெற்றோரும் காதுகேளாதவர்களாக இருந்தால் அவர்களுக்கும் கேட்காது. பின்னால் வந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். முன்பதிவு செய்ய ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கும். காதுகேளாத அப்பா எப்படிப் பேசுவார்? அந்த எண்ணிலேயே வாட்ஸ்அப் இருந்து, செய்தி அனுப்பலாம் என்று வாசலில் எழுதிவைத்தால் அந்தக் குடும்பம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

உள்ளே வந்ததும் நாற்காலி சாய்கிறது. நீங்கள் பிள்ளையின் தலைமாட்டில், கடிகார முள்ளை வைத்துச் சொன்னால் 11 மணி, 12 மணி நிலையில் உட்காருகிறீர்கள். பிள்ளைக்கு உங்கள் முகம் தலைகீழாகத் தெரியும், அதுவும் பாதி. மீதிப் பாதியில் முகக்கவசம். விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். ஜன்னல் நாற்காலிக்குப் பின்னால் இருந்தால், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருவதால் முகம் இருட்டாகத் தெரியும். தலை சாய்க்கும் மெத்தை, மெஷினில் உரசி ‘கீ’ என்று கூவவைக்கும். காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய பிள்ளையென்றால், தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டம் மெத்தையில் பட்டுக் கழன்றுவிடும். அந்த நொடியே எல்லாம் நின்றுபோகும். வாயைப் பெரிதாகத் திறந்தாலே தாடை அசைவில் காதுக் குழாயின் வடிவம் கொஞ்சம் மாறி, காதுக்குள் பொருத்திய அச்சு இளகி மெஷின் கூவத் தொடங்கும். ஆக, நீங்கள் ஒரு கருவியையும் கையில் எடுப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளை கண்ணையும் காதையும் சேர்த்து இழந்துவிடுகிறது. அதன்பின் பின்னாலிருந்து ஒரு கை வந்து உதட்டை விலக்குகிறது.

அதனால்தான் கேட்கிறேன்: நாற்காலி நேராக இருக்கும்போதே பேசிவிடுங்கள். எதிரே, பிள்ளையின் கண் மட்டத்துக்கு, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். முகக்கவசமும் கையுறையும் இன்னும் மாட்டாத நேரம் அது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். சத்தம் போட்டுப் பேச வேண்டாம். சத்தம் போட்டால் மெஷினில் இரைச்சல்தான் கூடும், உதட்டின் வடிவமும் கோணலாகும். இயல்பாக, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். உதட்டசைவை வைத்தே எல்லாம் புரிந்துகொள்ளும் என்று நம்பிவிடவும் வேண்டாம். ‘பாடு’, ‘மாடு’ இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும்; தொண்டைப் பக்கம் பிறக்கிற எழுத்துகள் உதட்டில் தெரியவே தெரியாது. அதனால் சொல்வதோடு காட்டுங்கள். பல் மாதிரி ஒன்றைக் கையில் கொடுங்கள். சின்னக் கண்ணாடியை அதன் விரலில் வைத்துக் காட்டுங்கள், காற்றைப் புறங்கையில் அடியுங்கள், உறிஞ்சுகுழாயை உள்ளங்கையில் வையுங்கள், குடையும் கருவியை முனை போடாமல் நகத்தின் மேல் ஓடவிடுங்கள். ஹெரால்ட் ஆடெல்ஸ்டன் 1959இல் சொன்ன ‘சொல், காட்டு, செய்’ முறையைக் குழந்தைப் பல் மருத்துவப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் ‘காட்டு’ என்பதற்குள்ளேயே ‘சொல்’ அடங்க வேண்டும். ‘தொட்டுப் பார்’ என்ற ஒன்றும் கூடவே வர வேண்டும்.

கேட்கும் குழந்தைக்கு நீங்கள் வேலை செய்துகொண்டே பேசுவீர்கள். “அவ்ளோதான் கண்ணா”, “இன்னும் கொஞ்சம்தான்”, “தண்ணி வருது பாரு” என்று குரல் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். பாதிப் பயம் அந்தக் குரலிலேயே அடங்கிவிடும். காதுகேளாத குழந்தைக்கு அந்தக் குரல் கிடையாது என்பதால் அதற்குப் பதில் ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து எண்ணும்வரை கருவி ஓடும், பிறகு நிற்கும் என்று விரலால் காட்டிவிடுங்கள். உதவியாளர் பிள்ளையின் முன்கையில் ஒன்று, இரண்டு என்று மெல்லத் தட்டி எண்ணட்டும். கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல் ஒரு முறை பிள்ளையைக் கையைத் தூக்கச் செய்து, நிறுத்தியும் காட்டுங்கள். தன் கைக்கு ஒரு பெரியவர் கட்டுப்பட்டார் என்று பார்த்த பிள்ளை அதன்பின் வாயைத் திறந்தே வைத்திருக்கும். மரப்பு ஊசி போடப்போகிறீர்களென்றால், உதடு தடித்ததுபோல இருக்கும், ஆனால் வீங்கவில்லை என்று கண்ணாடியில் காட்டிவிடுங்கள். உதட்டைக் கடிக்கக் கூடாது என்பதையும் அப்போதே செய்து காட்டுங்கள். இது சொல்லப்படாமல் வீட்டுக்குப் போன பிள்ளைகள் மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொண்டு மறுநாள் வகுப்புக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கையைப் பற்றிச் சொல்லும்போது மனசு தாங்குவதில்லை. பயந்து திமிறுகிற குழந்தையின் இரண்டு கைகளையும் உதவியாளர் ஒருவரும் அம்மாவும் சேர்ந்து அழுத்திப் பிடிப்பது பல இடங்களில் சாதாரணம். சைகையில் பேசுகிற பிள்ளைக்குக் கைதான் வாய். வாய்க்குள் கருவி இருக்கிறது, கைகள் பிடிபட்டிருக்கின்றன, கண்ணில் விளக்கு. அந்தப் பிள்ளைக்கு “வலிக்கிறது” என்று சொல்ல உடம்பில் எதுவும் மிச்சமில்லை. இப்படி ஒருமுறை சிகிச்சை பெற்ற பிள்ளை பெரியவனான பிறகும் வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஓடும். பல்வலியைச் சொல்லாமல் மறைக்கும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் வேறு. மற்ற நேரங்களில், இன்று முடியாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்; நாங்கள் வருகிறோம்.

மெஷினை எப்போது கழற்றுவது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், பிள்ளையிடம் கேளுங்கள். குடையும் கருவியின் சத்தமும் உறிஞ்சுகுழாயின் இரைச்சலும் காதுக்கு மிக அருகில் எழுகின்றன. மெஷின் அவற்றையும் பெருக்கிக் காட்டும். பல பிள்ளைகள் அணைத்துவிடுவதையே விரும்புவார்கள். ஆனால் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்த பிறகே அணைக்க வேண்டும், வேலை முடிந்ததும் மாட்டிவிட்ட பிறகே அடுத்ததைச் சொல்ல வேண்டும். கழற்றியதை வைக்க மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று மேசையில் இருக்கட்டும். தட்டில் கருவிகளோடு வைத்தால் தண்ணீர் தெறிக்கும். இம்ப்ளான்ட்டின் வெளிப்பகுதி கெட்டுவிட்டால் மாற்ற லட்சக்கணக்கில் ஆகும், கூலிவேலை செய்கிற அப்பா அதற்கு எங்கே போவார்?

மெஷினை அணைத்துவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது என்று நினைப்பதிலும் ஒரு பிசகு உண்டு. பல்லில் படும் அதிர்வு தாடை, மண்டையோட்டு எலும்புகள் வழியாக நேரே உள்காதுக்குப் போகும். 1879இல் அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரோட்ஸ் என்பவர், விசிறி போன்ற தகட்டின் விளிம்பைப் பல்லில் வைத்துக் கேட்கும் ‘ஆடியஃபோன்’ என்ற கருவிக்குக் காப்புரிமையே பெற்றார். வெளிக்காதிலோ நடுக்காதிலோ மட்டும் குறை உள்ள பிள்ளைகளுக்கு, உதாரணமாகப் பிறவியிலேயே காதுத் துளை மூடியிருக்கும் பிள்ளைகளுக்கு, உள்காது நன்றாகவே இருக்கும். அவர்களுக்குக் குடையும் சத்தம் எலும்பு வழியாக முழுசாகக் கேட்கும். உள்காதே பழுதான பிள்ளைக்கோ அது சத்தமாக இல்லாமல் தலையே நடுங்குகிற உணர்வாகத் தெரியும். நகத்தின் மேல் ஓட்டிக் காட்டச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

சத்தமும் அதிர்வும் இல்லாத வழிகள் உங்களிடமே இருக்கின்றன. 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் எட்டாத இடங்களுக்காக உருவான ஏ.ஆர்.டி. முறையில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டியெடுத்துக் கிளாஸ் அயனோமர் வைத்து அடைக்கிறார்கள். 38 சதவீதச் சில்வர் டயமின் ஃபுளோரைடைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை பரவாமல் நிற்கும். அந்த இடம் கறுத்துப்போகும் என்பதை மட்டும் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் முன்பே காட்டிவிட வேண்டும். எந்தப் பல்லுக்கு எது பொருந்தும் என்பது உங்கள் முடிவு. பயந்த பிள்ளையின் முதல் வருகைக்கு இவற்றில் ஒன்றை யோசித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். பெற்றோர் ஏமாந்துபோகிற இடம் இன்னொன்று: ஆறு வயதில் பால் பல் எதுவும் விழாமலே பின்னால் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முளைத்ததும் அதன் பள்ளங்களில் சீலன்ட் பூசிவிட்டால் பிறகு குடைய வேண்டிய தேவையே குறையும்.

அடுத்து, உங்கள் படிவத்தில் ‘காது கேளாதவர்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. எதனால் என்ற கேள்வியையும் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்து, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்து, அதனால் காது போன குழந்தைக்குப் பால் பற்கள் பச்சையோ மஞ்சளோ பாய்ந்திருக்கும், எனாமலும் மெலிந்திருக்கும். அம்மா துலக்கிவிடாததால் வந்த கறை என்று திட்டிவிடக் கூடாது. கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்து பிறந்த குழந்தைக்குக் கண்ணிலும் இதயத்திலும் குறை இருக்கலாம்; பல் முளைப்பது தாமதமாகலாம். தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் இன்னும் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். இதயக் குறை உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இதயக் குறை இருக்கிறது என்ற தகவல்தான் உங்களை எட்டாமல் போகிறது. அஷர் நோய்க்கூறு உள்ள பிள்ளைக்கு வயது ஏற ஏறப் பக்கப் பார்வை சுருங்கும். பக்கவாட்டிலிருந்து நீங்கள் காட்டும் சைகை அதற்குத் தெரியாது. நேர் எதிரே வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம். 1957இல் நார்வே மருத்துவர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் விவரித்த பிறவிக் கோளாறில் காதுகேளாமையோடு இதயத்தின் மின்னோட்டமும் கெட்டிருக்கும். வெளியே பார்த்தால் நல்ல திடகாத்திரமான குழந்தை. பயந்தாலோ ஓடினாலோ மயங்கி விழும். வீட்டில் வலிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். இது அரிதான நோய்தான். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுகிற நோய் என்பதால், மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்கிற வழக்கம் பரவலாக இருக்கும் நம் ஊரில் அதை மறந்துவிட முடியாது. பல் மருத்துவரின் நாற்காலி குழந்தைக்கு எவ்வளவு பயம் தரும் என்றும், மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும் என்றும் உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. “எப்பவாவது மயங்கி விழுந்திருக்கானா? குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவரச் சொல்லுங்கள்.

இம்ப்ளான்ட் பொருத்திய பிள்ளைகள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கிடைப்பதால், சிற்றூர்க் கிளினிக்குகளுக்கும் அவர்கள் வருவார்கள். தலைக்குள் மின்முனைகள் இருப்பதால், ஈறு வெட்ட மோனோபோலார் மின்கருவியைத் தலை, கழுத்துப் பகுதியில் அவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கத் தடையில்லை, வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டு எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. என்றால் பொருத்திய மருத்துவமனையைக் கேட்காமல் எழுதிக்கொடுக்க வேண்டாம். வேறு எந்த மின்கருவியில் ஐயம் வந்தாலும் பெற்றோரிடம் இருக்கும் அடையாள அட்டையில் நிறுவனத்தின் பெயரும் மாடலும் இருக்கும். அதை வைத்துக் கேட்டுவிடலாம்.

இந்தக் குழந்தைகளின் மேல் முன்பற்களுக்காகத் தனியாகக் கேட்கிறேன். தமிழில் த, ந சொல்ல நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும். இம்ப்ளான்ட் வைத்து, கேட்கவும் பேசவும் பயிற்சி நடக்கிற இரண்டு, மூன்று, நான்கு வயதில்தான் பால் புட்டியோடு தூங்கிய குழந்தைகளுக்கு அந்த முன்பற்கள் கரைந்து வேர் மட்டும் நிற்கிறது. முதல்முறையாக ஓர் ஒலியைக் கேட்டு, அதை வாயில் எங்கே உருவாக்குவது என்று தேடிக்கொண்டிருக்கிற குழந்தை அது. “பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்” என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லாதீர்கள். காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். அறுவைக்குப் பட்டியலில் இருக்கும் குழந்தையின் வாயில் சீழ் கட்டிய பல் இருந்தால் அதை அறுவைக்கு முன்பே சரிசெய்துவிடவும் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

யார் பொறுப்பேற்பது என்றால், அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் குழந்தைகளிடம் தேடிக் கண்டறிய வேண்டிய 30 குறைகளின் பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது, பல் நோய்களும் இருக்கின்றன. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அந்தத் திட்டம் வகுத்த பணியிடங்களில் செவித்திறன் நிபுணரும் பல் மருத்துவரும் உண்டு. ஒரே கட்டடத்துக்குள் இருவருக்கும் இடம் ஒதுக்கிய திட்டம் அது. ஆனால் செவித்திறன் நிபுணரைப் பார்க்க மாதாமாதம் வருகிற குழந்தையின் வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை, பக்கத்து அறைக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பதுமில்லை. அங்கே பணியாற்றும் பல் மருத்துவர்கள் இதைப் படித்தால், அந்தச் சீட்டை நீங்களே அச்சடித்துச் செவித்திறன் நிபுணரின் மேசையில் வைத்துவிடுங்கள். மேலிடத்து ஆணைக்காகக் காத்திருக்க வேண்டிய காரியம் இல்லை இது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 25ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் தடையற்ற அணுகலையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் சொல்கிறது. வாசலில் சாய்தளம் போட்டால் அணுகல் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சக்கர நாற்காலிக்கு அது வழி. காதுகேளாத பிள்ளைக்கு வழி மொழிதான். அதே சட்டம் சைகை மொழியையும் தகவல் தொடர்புக்குள் சேர்த்தே வரையறுக்கிறது. டெல்லியில் 2015இல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் சைகை அகராதியைக் காணொளிகளாக வெளியிட்டிருக்கிறது. அடிப்படையான சில சைகைகளை ஒரு வாரத்தில் கற்கலாம். மொழிபெயர்ப்பாளர் நேரில் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பில் வரச் சொல்லலாம், காதுகேளாதவர்கள் எல்லா வேலைக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். பத்து வயதுத் தங்கையை மொழிபெயர்க்க நிறுத்துவது மட்டும் வேண்டாம். அண்ணனின் பல்லைப் பிடுங்கப்போகிறார்கள் என்று அவனிடம் சொல்லும் பொறுப்பை அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும்; நீங்கள் பிள்ளையைப் பார்த்தே பேசுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தாளில் எழுதிக் காட்டுவதும் உதவும். ஆனால் நீளமான வாக்கியம் வேண்டாம்; எங்கள் பிள்ளைகளில் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். வரிசையில் ஐம்பது பேர் நிற்கிற அரசு மருத்துவமனையின் நிலை எனக்குத் தெரியும். முதல் வருகையில் பல்லைத் தொடாமல் பேசுவதற்கென்று ஒதுக்குகிற கால் மணி நேரம், அடுத்தடுத்த வருகைகளில் திமிறலும் அழுகையும் இல்லாமல் திரும்பிக் கிடைத்துவிடும். எங்கள் ஊரில் ஓர் இளம் டாக்டர் அப்படித்தான் செய்கிறார். பிள்ளைகள் அவருக்கென்று ஒரு சைகைப் பெயரே வைத்திருக்கிறார்கள், காதுகேளாதவர்கள் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டவருக்கு மட்டும் வைக்கிற பெயர். அவரிடம் போகிற நாளில் யாரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பல் மருத்துவக் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். முகாம் என்று பள்ளிக்கு வருகிறீர்கள், வரிசையில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள், எத்தனை சொத்தை என்று எழுதிக்கொள்கிறீர்கள், பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அடுத்த முறை எழுதுகோலை வைத்துவிட்டு வாருங்கள். பயிற்சி மருத்துவர்களை அழைத்துவாருங்கள். தாடை மாதிரிகளும், கைக்கண்ணாடிகளும், ஓடாத ஒரு குடையும் கருவியும் கொண்டுவாருங்கள். யாருக்கும் பல் வலிக்காத ஒரு நாளில் பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். கேள்விகள் கேட்பார்கள்: பல்லுக்குள் ரத்தம் இருக்கிறதா, தாத்தாவின் பல்லை எலி கொண்டுபோனது நிஜமா, ஊசி போட்டால் கைகூட மரத்துப்போகுமா என்று. யாரும் இதுவரை அவர்களுக்குப் பதில் சொன்னதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் இரண்டு வாரம் புதுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். அது கழிந்து வாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், விடுதிப் பிள்ளைகள் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். வார நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்தால் எல்லோரும் இருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் குழாயடிக் கண்ணாடி முன்னால் அவர்களோடு சேர்ந்து நீங்களும் வாய் கொப்புளிக்கலாம்.

அன்புடன்,
காதுகேளாத பிள்ளைகளின் ஆசிரியை ஒருவர்